200 புளியங்கொட்டையில் ஒரு சிவப்பு

போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், மனிதர் செய்கிற காரியங்களால் சுற்றுச்சூழல் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். 32 பேர், எல்லோரும் எழுதிவிட்டார்கள். தொழிற்சாலைப் புகை, சாயக்கழிவு, பிளாஸ்டிக், காடழிப்பு, ஓசோன் ஓட்டை, கடைசி வரியில் மரம் வளர்ப்போம். எதுவும் தப்பில்லை. ஆனால் ராத்திரி உட்கார்ந்து 32 தாளையும் படித்து முடித்தபோது மனசுக்கு என்னவோ போல இருந்தது, ஏனென்றால் அந்தத் தாள்களில் வருகிற மனிதன் ஒருவன்கூட இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவன் இல்லை. எங்கேயோ ஒரு ஆலை முதலாளி, எங்கேயோ ஒரு மரம் வெட்டுகிறவன். அவர்கள் கெட்டவர்கள், அதனால் சுற்றுச்சூழல் கெடுகிறது, அவ்வளவுதான் கதை.

ஒரே ஒரு பெண் மட்டும் தாளின் அடியில், இடம் போதாமல் சின்ன எழுத்தில், இப்படி எழுதியிருந்தாள்: "எங்க மாடு செத்தப்போ அப்பாரு தோட்டத்து மூலையில குழி தோண்டிப் புதைச்சாரு. முன்னாடியெல்லாம் புதைக்க மாட்டாங்களாம். வெளிய போட்டா கழுகு வந்து தின்னுடுமாம். இப்ப அந்தக் கழுகு எங்க போச்சு?"

இந்தக் கேள்விக்காக மறுநாள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு வாரம் அந்தக் கழுகு எங்கே போனது என்பதை மட்டும்தான் பேசினோம். வகுப்பில் சொன்னதையும் செய்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகள் நேராகப் படிக்கலாம், என்னைப் போலப் பாடம் நடத்துகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் பெயர். நாம் பொதுவாகப் பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். அது எனக்குப் பிடிக்காத பெயர், பறவையைப் பார்ப்பதற்கு முன்பே அருவருப்பை உண்டாக்கிவிடுகிறது. பாறு என்பது இதற்குரிய பழைய தமிழ்ப் பெயர். சங்கப் பாட்டிலேயே பாறு வருகிறது, எருவை வருகிறது. பறவை ஆர்வலர்கள் இப்போது பாறு என்றே எழுதுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கழுகு உயிரோடு இருக்கிற இரையைப் பிடித்துத் தின்னும். பாறு செத்ததைத் தின்னும். தமிழ்நாட்டுக் காடுகளில் நான்கு வகை பாறுகள் உண்டு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு.

இதில் மஞ்சள்முகப் பாறை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எனக்குப் பிறந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஆயா வருஷத்துக்கு ஒருமுறையாவது திருக்கழுக்குன்றம் கூட்டிக்கொண்டு போவார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி. வெயில் ஏற ஏறக் கால் சுடும். மேலே போய், உச்சி வேளைக்கு முன்னால் அந்தப் பாறை ஓரம் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். கோயில்காரர் ஒருவர் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு வந்து உட்காருவார். யாரும் சத்தம் போடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று. இறங்கி வந்து, இரண்டு கால்களாலும் தத்தித் தத்தி நடந்து, அந்தப் பொங்கலைக் கொத்தித் தின்னும். அழுக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் தோல் மூடிய முகம், மெலிந்த அலகு. காசியில் குளித்துவிட்டு இங்கே சாப்பிட வருகிற முனிவர்கள் என்று ஆயா சொல்வார். நான் நம்பினேன். ஊர்ப் பெயரிலேயே கழுகு இருக்கிறதே!

அந்த இரண்டு பறவைகளும் வருவது தொண்ணூறுகளில் நின்றுபோனது. ஆயா கடைசியாகப் போனபோது பொங்கல் பாத்திரம் இருந்தது, பறவை இல்லை. "கலி முத்திடுச்சி" என்று மட்டும் சொன்னார்.

அதே தொண்ணூறுகளில்தான் ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்கிற பறவையியலாளர் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தவர். எண்பதுகளில் அதே இடத்தில் அவர் எண்ணிய பாறுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. திரும்பப் போய் எண்ணும்போது கூடுகள் காலி. மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தன, சில நாளில் பொத்தென்று கீழே விழுந்தன. பரத்பூரில் மட்டும் இல்லை, நாடு முழுக்க இதே கதி. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் குறைந்தது. சதவீதத்தில் சொன்னால் பிள்ளைகளுக்கு உறைப்பதில்லை. அதனால் கரும்பலகையில் 1000 என்று எழுதி, அதை அழித்து, 1 என்று எழுதினேன். 15 வருஷத்தில். உலகத்தில் வேறெந்தப் பறவையும் இவ்வளவு வேகமாகக் குறைந்ததாகப் பதிவு இருப்பது மிக அரிது.

சரி, ஏன்?

உடனே பிள்ளைகள் சொன்னார்கள்: பூச்சிமருந்து டீச்சர், செல்போன் டவர் டீச்சர், சாப்பாடு கிடைக்கல டீச்சர். ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள் (செல்போன் டவர் தவிர). பூச்சிக்கொல்லியா என்று பார்த்தார்கள், இல்லை. ஈயம் போன்ற உலோகமா, இல்லை. ஏதோ புது வைரஸ் என்றுதான் பல பேர் பல வருஷம் நம்பினார்கள், அதுவும் இல்லை. சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது, இந்தியாவில் மாடுகளுக்கா குறைவு? இந்த இடத்தில் பிள்ளைகளிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசினேன். ஒரு காரணம் பொருத்தமாகத் தோன்றுவது வேறு, அதுதான் காரணம் என்று காட்டுவது வேறு. பொருத்தமாகத் தோன்றியதிலேயே நின்றிருந்தால் இன்றைக்கும் வைரஸைத் தேடிக்கொண்டிருப்போம்.

செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. சிறுநீரகத்தின் மேலும் மற்ற உள்ளுறுப்புகளின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. அது யூரிக் அமிலம்.

இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சுவரில் காக்கை எச்சம் இருக்கிறதா, போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன். நடுவில் கறுப்பாக அல்லது பச்சையாக இருப்பது மலம். சுற்றி வெள்ளையாக, காய்ந்தால் பொடியாக உதிர்கிறதே, அதுதான் பறவையின் சிறுநீர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் உடம்பு கழிவை யூரியாவாக மாற்றித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறது. பறவை யூரிக் அமிலமாக மாற்றிக் கூழாக வெளியேற்றுகிறது. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அந்த வெள்ளைக் கூழ் வெளியே போகாமல் உடம்புக்குள்ளேயே படியும். பாறுகளுக்கு நடந்தது அதுதான். ஒரு குச்சியால் எச்சத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வந்த பையன்களின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, தினமும் பார்க்கிற ஒன்றுக்குள் இப்படி ஒரு விஷயமா என்கிற முகம்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? பாகிஸ்தானில் வேலை செய்துகொண்டிருந்த லிண்ட்சே ஓக்ஸ் என்கிற அமெரிக்க கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பாறு தின்பது பெரும்பாலும் செத்த மாட்டை. அப்படியானால் மாட்டின் உடம்புக்குள் என்ன போகிறது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் போய், மாட்டுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள், அதில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது எது என்று கேட்டார்கள். பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. டைக்ளோஃபினாக். நமக்கு முழங்கால் வலிக்கும் முதுகுவலிக்கும் எழுதித் தருகிற அதே மருந்து. வெள்ளைப் படிவு இருந்த 25 பாறுகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள், 25-லும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பாறுகளைச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. அதோடும் விடவில்லை, அந்த மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே சாவு, அதே வெள்ளைப் படிவு. 2004-இல் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

இந்த மருந்து ஒன்றும் யாரோ திருட்டுத்தனமாக விற்றது இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கால்நடைகளுக்கென்று சந்தைக்கு வந்தது. விலை மலிவு. மடிநோயில் மடி வீங்கி, கன்றைக்கூடக் கிட்டே விடாமல் உதைக்கிற மாட்டுக்கு ஒரு ஊசி போட்டால் அரை நாளில் தலை தூக்கித் தீவனம் தின்னும். காலில் அடிபட்டு எழுந்திருக்க முடியாத எருது எழுந்து நிற்கும். வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் ஊசி போட்டார்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. நான் கல்யாணமாகி இந்த ஈரோட்டு மாவட்டத்துக்கு வந்தது 2001-இல். மாமியார் வீட்டில் அப்போது நான்கு மாடுகள். அதில் செவலை ஒன்று, அத்தையின் குரல் கேட்டால் கட்டுத்தரையிலிருந்தே பதில் சொல்லும். 2003 ஐப்பசி மழையில் அது வாய்க்கால் மேட்டில் சறுக்கி விழுந்து பின்னங்கால் வீங்கிப் படுத்துவிட்டது. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சி, கழுத்தில் போட்டார். அத்தை அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் கொஞ்சம் தேவலை. மூன்றாவது நாள் செத்துவிட்டது. தோலுரிக்கிறவர்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மிச்சத்தைக் கல்லுக்குழியில் போட்டார்கள். காக்கையும் நாயும்தான் வந்தன என்று பேசிக்கொண்டார்கள்.

குப்பியில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று அன்றைக்கு வீட்டில் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர்கள் வீட்டிலும் மாடு இருக்கிறது, அவர்கள் வீட்டிலும் அப்படி நெற்றியைத் தடவிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்போது ஒரு பையன் கேட்டான், "டீச்சர், எல்லா மாட்டுக்கும் ஊசி போட மாட்டாங்களே? போட்ட மாடெல்லாம் சாகவும் சாகாதே? அப்புறம் எப்படி எல்லாப் பாறும் சாகும்?"

அருமையான கேள்வி. மருந்து மாட்டின் உடம்பில் சில நாள்தான் தங்கும். ஊசி போட்ட சில நாட்களுக்குள் செத்த மாடு மட்டும்தான் பாறுக்கு விஷம். அப்படிப்பட்ட மாடுகள் நூற்றுக்கு எத்தனை இருந்துவிடும்? ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், செத்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட வேண்டாம், 0.8 சதவீதத்துக்கும் கீழே இருந்தாலே பாறுகள் நாம் கண்ட வேகத்தில் அழிந்துபோகும் என்று தெரிந்தது. பிள்ளைகள் நம்பவில்லை. நானும் முதலில் படித்தபோது நம்பவில்லை. அதனால் விளையாடிப் பார்த்தோம்.

எங்கள் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. எட்டுத் துணிப்பை, ஒவ்வொன்றிலும் எண்ணி 200 கொட்டை. ஒரே ஒரு கொட்டைக்கு மட்டும் சிவப்பு நகப்பூச்சு. ஒரு பைக்கு நான்கு பேர். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாறு, ஒவ்வொரு கொட்டையும் ஒரு செத்த மாடு. பாறு மூன்று நாளைக்கு ஒருமுறை வயிறு நிறையத் தின்கிறது என்று வைத்துக்கொண்டோம், அப்படியானால் வருஷத்துக்குச் சுமார் 120 தடவை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒரு கொட்டை எடுக்க வேண்டும், பார்க்க வேண்டும், திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்க வேண்டும். 120 தடவை. சிவப்பு வந்தால் செத்துப்போய்விட்டாய், சுவர் ஓரம் போய் உட்கார்.

முதல் பத்து நிமிஷம் ஒருவரும் சாகவில்லை. "200-ல ஒண்ணு எப்படி டீச்சர் வரும்" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பெண் கையைத் திறந்தாள், சிவப்பு. 23-ஆவது தடவை. பிறகு ஒருவன். பிறகு ஒரே பையில் அடுத்தடுத்து இரண்டு பேர். 70, 80 தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது, கொட்டையை எடுத்தவுடன் பார்க்கப் பயந்து விரலை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். இரண்டு பாடவேளை முடிந்தபோது 32 பேரில் 15 பேர் சுவர் ஓரம். அது ஒரு வருஷம்தான். மிச்சமிருக்கிற 17 பேரும் அடுத்த வருஷமும் 120 தடவை கையை விட வேண்டும்.

கணக்கு தெரிந்தவர்கள் 199/200 என்பதை 120 தடவை பெருக்கிப் பார்க்கலாம், 0.55 பக்கம் வரும். ஏறக்குறையப் பாதிதான் பிழைக்கும்.

குஞ்சு பொரித்து ஈடுகட்டாதா என்று கேட்டாள் ஒருத்தி. பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து அது முட்டையிட ஐந்து வருஷம் பக்கம் ஆகும். அடைகாப்பதும் இரை கொண்டுவருவதும் தாயும் தகப்பனும் மாறி மாறிச் செய்கிற வேலை, ஒன்று போனால் குஞ்சும் போனது. இத்தனைக்கும் நாங்கள் விளையாடியது 200-க்கு ஒன்று. 2004, 2005-இல் இந்தியாவில் செத்த கால்நடைகளின் ஈரலைச் சோதித்தபோது பத்தில் ஒன்றில் டைக்ளோஃபினாக் இருந்தது. எல்லாம் கொல்கிற அளவு இல்லைதான், ஆனாலும் பத்தில் ஒன்று. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் எழுந்து நின்று, "அப்ப பையில இருபது சிவப்பு போடணுமா டீச்சர்?" என்று கேட்டான்.

பாறு போனால் நமக்கு என்ன? இந்தக் கேள்வியும் வந்தது, வர வேண்டியதுதான்.

ஒரு பாறுக் கூட்டம் உட்கார்ந்தால் ஒரு முழு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் வயிற்றில் சுரக்கிற அமிலம் மிகக் கடுமையானது, அடைப்பான் போன்ற நோய்க்கிருமிகளையும் அழித்துவிடுகிற அளவுக்கு. தலையிலும் கழுத்திலும் இறகு குறைவாக இருப்பதும் இந்த வேலைக்கு வசதிதான், பிணத்துக்குள் தலையை விட்டாலும் அழுக்கு அப்பிக்கொண்டு நாறாது. தொண்ணூறுகளுக்கு முன் இந்த நாட்டில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. செத்த மாடுகளைச் சுத்தம் செய்யும் வேலையைச் சம்பளம் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. அவை போனதும் மாடுகள் அப்படியே கிடந்தன. அங்கே நாய்கள் பெருகின. நாய் தின்று முடிக்க நாள்கணக்காகும், அதற்குள் கிருமி தண்ணீருக்குப் போகும், நாய் வழியாக வெறிநாய்க்கடி மனிதனுக்கு வரும். 1992-க்கும் 2006-க்கும் இடையில் பாறுகள் இல்லாமல் போனதால் கூடுதலாகப் பெருகிய நாய்கள் குறைந்தது 55 லட்சம், அவற்றால் வெறிநோய் வந்து கூடுதலாக இறந்த மனிதர்கள் 47,000-க்கும் மேல் என்று 2008-இல் ஒரு கணக்கு வெளியானது. ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்கிற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இன்னும் விரிவாகப் பார்த்தார்கள். முன்பு பாறுகள் வாழத் தோதாக இருந்த மாவட்டங்களையும் தோதில்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று 2024-இல் எழுதினார்கள். தண்ணீர் கெட்டது, நாய்க்கடி, எல்லாம் சேர்த்து.

5 லட்சம் பேர். அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நானே கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்கள் பக்கம் ராத்திரியில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேர் வீட்டில் நடந்திருக்கிறது. அதற்குப் பாறு இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், சாலை ஓரம் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற கோழிக்கழிவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் நாய்க்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பழகினால் இரண்டும் ஒரே கேள்விதான். மும்பையில் பார்சிகள் இறந்தவர்களை அமைதிக் கோபுரங்களில் பாறுகளுக்கென்று வைக்கிறவர்கள். பாறுகள் வராமல் போகவே, அங்கே சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவிகள் வைக்க வேண்டி வந்தது. ஒரு மாட்டூசி ஒரு சமுதாயத்தின் சாவுச்சடங்கு வரைக்கும் போய்விட்டது.

இனி தடை. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தயாரிப்பதைத் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே சமயத்தில் செய்தன, வங்கதேசம் 2010-இல். மாற்று மருந்தும் கைவசம் இருந்தது, மெலாக்சிகாம். மாட்டின் வலியும் தீரும், பாறுக்கும் ஒன்றும் ஆகாது. இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மனிதருக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பியில் வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும், 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான் போனது. இதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அருளகம் போன்ற அமைப்புகள் மருந்துக்கடை மருந்துக்கடையாகப் போய்ப் பேசின. 2015-இல் மத்திய அரசு மனிதருக்கான குப்பியை 3 மில்லிக்குள் சுருக்கியது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. எனக்கு இந்த 30 மில்லி விஷயம் மிக முக்கியமாகப் படுகிறது, சட்டம் போட்டதும் வேலை முடிந்துவிட்டதாகப் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. டைக்ளோஃபினாக் போன பிறகும் அதன் சொந்தக்கார மருந்துகள் இருந்தன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. அதையும் கீட்டோபுரோஃபெனையும் 2023-இல்தான் தடை செய்தார்கள், நிமெசுலைடை 2024 கடைசியில். 1 என்று கரும்பலகையில் எழுதினேனே, அந்த 1 இன்னும் 2 ஆகாமல் இருப்பதற்கு இந்தத் தாமதங்களும் காரணம்.

மிச்சமிருக்கிற பாறுகளில் தென்னிந்தியாவின் முக்கியமான கூட்டம் எங்கள் பள்ளியிலிருந்து தூரமே இல்லை. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் மாயாறு ஓடி பவானிசாகர் அணையில் சேருகிறதல்லவா, அந்தப் பள்ளத்தாக்கில்தான். ஆற்றங்கரையில் உயரமாக வளர்ந்த நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு நீலகிரிச் சரிவில் செங்குத்துப் பாறை இடுக்கில் கூடு கட்டும். 2022-இல் தமிழக அரசு பாறுகளைக் காக்கவே ஒரு குழு அமைத்தது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் காட்டுக்குள் எண்ணியபோது சுமார் 320 பாறுகள் இருந்தன. மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து 320. எங்கள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் அதைவிட அதிகம்.

நான் ஒருமுறை பார்த்தேன். பழைய மாணவி ஒருத்திக்குத் தெங்குமரஹாடாவில் கல்யாணம், இரண்டு வருஷத்துக்கு முன்னால். காட்டுக்குள்ளேயே போய் பேருந்து ஆற்றங்கரையோடு நின்றுவிடும், அந்தக் கரைக்குப் பரிசலில் போக வேண்டும். பரிசலுக்குக் காத்திருந்தபோது ஒரு நிழல் தரையில் ஓடியது. நிமிர்ந்து பார்த்தால் ஏழு பாறுகள், சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. ஒன்று திரும்பும்போது முதுகில் அந்த வெள்ளை நன்றாகத் தெரிந்தது. பரிசல்காரர் என்னைப் பார்த்து, "பக்கத்துல எங்கியோ மான் கெடக்குதுங்க" என்றார், காக்கையைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாக. எனக்கு ஆயாவின் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. நான்கு வகையில் எது என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த இந்த வயதிலும், முனிவர்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை. சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அந்த மாட்டின் மேல் பூச்சிமருந்தைக் கொட்டி வைக்கிறவர்கள் உண்டு. அதைத் தின்கிற பாறு கூட்டத்தோடு சாகும். மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு சீக்கிரம் கைக்கு வந்தால் இது பெரும்பாலும் நடக்காது என்பது என் எண்ணம். இதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன், மாட்டுக்காரரைத் திட்டுவது சுலபம், அவருடைய ஒரு மாடு அவருக்கு ஒரு வருஷத்துச் சாப்பாடு.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் மாட்டுக்கோ ஆட்டுக்கோ வைத்தியம் பார்க்கும்போது, என்ன மருந்து என்று பெரியவர்களிடம் கேட்டு, பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். குப்பியையும் ஊசியையும் தொடக்கூடாது, பெயர் மட்டும். இரண்டு வாரம் யாரும் எதுவும் கொண்டுவரவில்லை, மாடுகளுக்கு நோய் வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று காலை, பையில் இருபது சிவப்பு போடணுமா என்று கேட்ட அந்தப் பையன் மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நின்றான். அவர்கள் எருமைக்கு மடி வீக்கமாம். டாக்டர் வந்து ஊசி போட்டாராம். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கூட்டிப் படித்தான்.

"மெ… லாக்… சி… காம். இது பரவால்லீங்களா டீச்சர்?"

பரவாயில்லை என்றேன். எருமை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலையிலேயே எழுந்து நின்றுவிட்டதாம்.